ஃபிளேவனாய்டு கேப்ஸ்யூலால் கெட்ட கொழுப்பு குறையுமா? அண்ணனின் ரிப்போர்ட்டை வைத்து ஒரு கேள்வி

குடியாத்தத்துக்காரன்:

அனைவருக்கும் வணக்கம். என் அண்ணனுக்கு வயது 61, சர்க்கரை நோயும் உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருடைய எல்.டி.எல். (கெட்ட கொழுப்பு) 168 என்று வந்தபோது மருத்துவர், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மாத்திரையான அடோர்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராம் எழுதிக்கொடுத்தார். அதன்பின் பார்த்தபோதெல்லாம் அது 90-ஐ ஒட்டியே இருந்தது. மூன்று மாதங்களுக்கு முன், உறவினர் ஒருவர் சொன்னார் என்பதற்காக, அந்த மாத்திரையை யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டு, ஃபிளேவனாய்டு (காய், பழம், தேயிலையில் இயற்கையாக உள்ள ஒருவகைப் பொருள்) கேப்ஸ்யூல் ஒன்றைச் சாப்பிடத் தொடங்கியிருக்கிறார். போன வாரம் எடுத்த ரிப்போர்ட்டில் எல்.டி.எல். 161.

அந்தப் பெட்டி இப்போது என் மேசைமேல் இருக்கிறது. முன்பக்கத்தில் வெங்காயம், ஆரஞ்சு, திராட்சைப் படங்கள். அவற்றுக்குக் கீழே "கொழுப்பைக் கரைக்கும், செல்களைக் காக்கும்" என்று பெரிய எழுத்துகள். ஒரு கேப்ஸ்யூலில் குவர்செட்டின், ஹெஸ்பெரிடின், திராட்சை விதைச் சாறு எல்லாம் சேர்ந்து 500 மில்லிகிராம் என்று பக்கவாட்டில் போட்டிருக்கிறார்கள். மருத்துவப் பயன்பாட்டிற்கு அன்று என்ற வரியைப் பின்பக்கத்தில், பார்கோடுக்குக் கீழே, கண்ணாடி போட்டுக்கொண்டுதான் என்னால் படிக்க முடிந்தது. உள்ளே மடித்து வைத்திருக்கும் தாளில் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனையின் வரைபடம் இருக்கிறது. கொலஸ்ட்ரால் பாதியாகக் குறைந்ததாகவும், உடலின் ஆன்டிஆக்ஸிடன்ட் நொதிகள் (செல்களைச் சிதைக்கும் தீய மூலக்கூறுகளை அடக்குபவை) உயர்ந்ததாகவும் அது காட்டுகிறது. எலிக்குக் கொடுத்த அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 200 மில்லிகிராம்.

என் கேள்விகள் இரண்டு. அந்த வரைபடம் பொய்யா? பொய் இல்லையென்றால் அண்ணனுக்கு ஏன் குறையவில்லை? "தீபாவளிப் பலகாரத்தால் ஏறியிருக்கும், இன்னும் மூன்று மாதம் பார்க்கலாம்" என்கிறார். அவரிடம் நான் என்ன சொல்வது?

காட்பாடி உயிர்வேதியியல்:

முதலில் ஒன்று. இன்னும் மூன்று மாதம் பார்க்க வேண்டாம், ஐயா. சர்க்கரையுள்ள 61 வயதுக்காரருக்கு அந்த மாத்திரை மாரடைப்பைத் தடுப்பதற்காகக் கொடுக்கப்படுவது. நாளையே அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

வரைபடம் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அது எலியைப் பற்றிய உண்மையாக இருக்கலாம். கல்லூரியில் இதே வகைச் சோதனைகளை மாணவர்களுக்கு நடத்திக் காட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன். எலியின் இரத்தத்தில் கொலஸ்ட்ராலின் பெரும்பகுதி நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல். துகள்களில்தான் பயணிக்கிறது, நம் இரத்தத்தில் பெரும்பகுதி எல்.டி.எல். துகள்களில். நம்மிடத்தில் எச்.டி.எல்.லிருந்து மற்றத் துகள்களுக்குக் கொலஸ்ட்ராலை மாற்றிக்கொடுக்கும் ஒரு புரதம் இருக்கிறது, எலியிடம் அது இல்லை. சாதாரணத் தீவனத்தில் எலிக்குக் கொலஸ்ட்ரால் ஏறுவதே அரிது என்பதால், தீவனத்தோடு கொலஸ்ட்ராலையும் பித்த அமிலத்தையும் கலந்து கொடுத்து வலிந்து ஏற்றிவிட்டு, பிறகு அது இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். குடலில் கொழுப்பு உறிஞ்சப்படுவதைக் கொஞ்சம் தடுக்கும் எந்தப் பொருளும் அங்கே அற்புதம் செய்ததுபோல் தெரியும்.

அளவையும் பாருங்கள். எலிக்குக் கொடுத்த அளவை மனிதருக்கு மாற்ற, கிலோவுக்கான மில்லிகிராமை ஏறத்தாழ 6.2-ஆல் வகுப்பது வழக்கம். அண்ணன் 70 கிலோ என்று வைத்துக்கொண்டால், எலிக்குக் கொடுத்ததற்கு ஈடாக அவருக்கு நாளொன்றுக்கு 2,250 மில்லிகிராம் அளவில் தேவைப்படும். அவர் விழுங்கியது 500, அதுவும் பல சாறுகளின் கலவை.

மனிதர்களிடம் நேரடியாகச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். கொலஸ்ட்ரால் மிதமாக உயர்ந்திருந்த 204 பேருக்கு நான்கு வாரங்கள், ஒரு பிரிவினருக்கு ஹெஸ்பெரிடின் 800 மில்லிகிராம், இன்னொரு பிரிவினருக்கு நரிஞ்சின் என்ற மற்றொரு ஃபிளேவனாய்டு 500 மில்லிகிராம், மூன்றாம் பிரிவினருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை கொடுத்து 2010-இல் வெளியான ஆய்வில் மொத்தக் கொலஸ்ட்ராலும் எல்.டி.எல்.லும் அசையவே இல்லை. குவர்செட்டின் 150 மில்லிகிராமை ஆறு வாரங்கள் கொடுத்த 2009-ஆம் ஆண்டின் ஜெர்மானிய ஆய்வில் மேல் இரத்த அழுத்தம் 2.6 புள்ளி குறைந்தது, ஆக்ஸிஜனேற்றம் அடைந்த எல்.டி.எல். குறைந்தது, ஆனால் எல்.டி.எல். குறையவில்லை, எச்.டி.எல். கொஞ்சம் குறையவும் செய்தது. பச்சைத் தேயிலையில்தான் சிறு பலன் திரும்பத் திரும்பத் தென்படுகிறது: 14 ஆய்வுகளைத் தொகுத்து 2011-இல் கணக்கிட்டபோது எல்.டி.எல். சராசரியாக 2 புள்ளி சொச்சம் குறைந்திருந்தது. அண்ணனுக்கு ஸ்டாட்டின் குறைத்தது 78 புள்ளி.

ஹெஸ்பெரிடினைப் பற்றி எழுதும்போது ஓர் ஊர் நினைவு. பேரணாம்பட்டுக்குப் பக்கத்துச் சாத்கரின் பெயரிலிருந்தே சாத்துக்குடிக்குப் பெயர் வந்தது என்று சொல்வோர் உண்டு. அந்தப் பழத்தை உரிக்கும்போது நாம் கிள்ளி எறிகிறோமே, அந்த வெள்ளைச் சதையில்தான் ஹெஸ்பெரிடின் அதிகம்.

ஆரணி மைந்தன்:

பதிவரின் அண்ணன் மாத்திரையை நிறுத்தியது தவறு என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் காட்பாடி ஐயா ஒரு பக்கத்தை மட்டும் சொல்கிறார் என்று தோன்றுகிறது. என் தாயார் சென்ற ஆண்டு இதைப் போன்ற கேப்ஸ்யூலைச் சாப்பிட்டார். ஸ்டாட்டின் எதுவும் சாப்பிடவில்லை. நான்கு மாதங்களில் எல்.டி.எல். 31 புள்ளி குறைந்தது. அது என் வீட்டில் நடந்தது, இரண்டு ரிப்போர்ட்டுகளும் இருக்கின்றன.

நெதர்லாந்தில் ஸுட்ஃபென் என்ற ஊரில் முதியவர்களைத் தொடர்ந்து கவனித்து, ஃபிளேவனாய்டு அதிகம் உண்டவர்களிடம் இதய நோய் இறப்பு குறைவு என்று 1993-இல் வெளியிட்டார்களே, அதை எப்படி ஒதுக்குவது? "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்று நம் முன்னோர் சொன்னது அனுபவத்தில்தான். தாவரத்தில் மருந்தே இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

காட்பாடி உயிர்வேதியியல்:

தாவரத்தில் மருந்து இல்லை என்று நான் சொல்லவில்லை, ஐயா, சொல்லவும் மாட்டேன். ஸுட்ஃபென் ஆய்வை நான் மதிக்கிறேன், அதனாலேயே அதன் விவரத்தைப் பார்க்க வேண்டும் என்கிறேன். 65 முதல் 84 வயது வரையுள்ள 805 ஆண்கள். அவர்கள் உண்ட ஃபிளேவனாய்டு நாளொன்றுக்குச் சராசரியாக 26 மில்லிகிராம்தான். அதில் 61 விழுக்காடு தேநீரிலிருந்தும், 13 விழுக்காடு வெங்காயத்திலிருந்தும், 10 விழுக்காடு ஆப்பிளிலிருந்தும் வந்தது. அங்கே யாரும் கேப்ஸ்யூல் விழுங்கவில்லை. தேநீரும் வெங்காயமும் பழமும் நிறைய உண்பவர் வேறு எதைக் குறைவாக உண்கிறார், எவ்வளவு நடக்கிறார் என்பதையெல்லாம் கணக்கில் எடுத்துக் கழித்தாலும் முழுவதும் கழிந்துவிடாது. அந்த ஆய்வு உணவுக்குச் சாட்சி சொல்கிறது. அந்தச் சாட்சியத்தைப் பெட்டிக்கு மாற்றிக்கொள்வதைத்தான் நான் மறுக்கிறேன்.

கேப்ஸ்யூலாகவே கொடுத்துப் பார்த்த மிகப்பெரிய சோதனை அமெரிக்காவில் நடந்தது, 2022-இல் வெளியானது. 21,442 பேர், கோகோ சாற்றிலிருந்து நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் ஃபிளேவனால் (ஃபிளேவனாய்டில் ஒரு வகை). முதன்மையாகப் பார்க்க எண்ணியிருந்த மொத்த இதய, இரத்தநாள நிகழ்வுகளில் உறுதியான குறைவு கிடைக்கவில்லை. இரண்டாம் நிலையில் வைத்திருந்த இதய, இரத்தநாள இறப்பு மட்டும் 27 விழுக்காடு குறைந்திருந்தது. அதை நான் மறைக்கவில்லை. மேலும் ஆராயத் தகுந்தது. ஆனால் அதை வைத்து ஸ்டாட்டினை நிறுத்தச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

தாயாரின் 31 புள்ளியைப் பற்றி, மனம் வருந்தாமல் கேளுங்கள். ஒரே மனிதருக்கு எதுவும் மாறாமலே இரண்டு முறை பார்த்தால் சில விழுக்காடு ஏறியிறங்குவது இயல்பு. பல லேப்களில் எல்.டி.எல்.லை அளப்பதில்லை, 1972-இல் வந்த ஃப்ரீடுவால்டு வாய்பாட்டின்படி கணக்கிடுகிறார்கள்: மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்.டி.எல்.லையும், இரத்தத்தின் இன்னொரு கொழுப்பான டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிப்பது. முதல்முறை வெறும் வயிற்றிலும் இரண்டாம் முறை சிற்றுண்டிக்குப் பிறகும் இரத்தம் கொடுத்து, டிரைகிளிசரைடு 150-லிருந்து 250 ஆகியிருந்தால், எதுவுமே குறையாமல் தாளில் மட்டும் எல்.டி.எல். 20 குறைந்து காட்டும். இரண்டு ரிப்போர்ட்டுகளையும் பக்கத்தில் வைத்து டிரைகிளிசரைடைப் பாருங்கள். அந்த நான்கு மாதங்களில் வேறென்ன மாறியது என்பதையும் தாயாரிடம் கேளுங்கள்.

ராணிப்பேட்டை பட்டைக்காரர்:

நான் மருத்துவம் படித்தவன் அல்லன். மூன்று தலைமுறையாகத் தோல் பதனிடும் தோல்ஷாப் தொழிலில் இருக்கும் குடும்பம். ஆவாரை என்ற பெயர் வந்ததால் எழுதுகிறேன். குரோம் உப்பால் பதனிடும் முறை வருவதற்கு முன் இந்தப் பகுதியின் தோலுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஆவாரம் பட்டைதான். பட்டையை இடித்துத் தண்ணீரில் ஊறவிட்டால் வெளிறிய செந்நிறச் சாறு இறங்கும். சுண்ணாம்புக் குழியிலிருந்து எடுத்து மயிர் நீக்கிக் கழுவிய தோலை அதில் போட்டு, நாள்தோறும் புரட்டி, வலுவான சாற்றுக்கு மாற்றிக்கொண்டே போவார்கள். வழவழவென்று வெள்ளையாக இருந்த தோல், நாள் ஆக ஆக விறைப்பேறி நிறம் ஏறும். ஓரத்தைக் கத்தியால் சீவி, நடுவில் வெள்ளைக் கோடு தெரிகிறதா என்று பார்ப்பார் என் தாத்தா. கோடு மறைந்தால் சாறு உள்வரை பிடித்துவிட்டது என்று பொருள். அதன்பின் அந்தத் தோல் அழுகாது.

பட்டையில் உள்ள டானினும் ஃபிளேவனாய்டு குடும்பம்தான் என்று எங்கள் தொழில் வகுப்பில் ஒருமுறை சொன்னார்கள். இவ்வளவு உறுதியாகத் தோலைப் பிடிக்கும் பொருள் வயிற்றுக்குள் போனால் அங்கேயும் எதையாவது பிடித்துக்கொள்ளாதா? இரத்தம் வரை அது போய்ச் சேருமா?

காட்பாடி உயிர்வேதியியல்:

பாடப் புத்தகத்தில் இருந்திருக்க வேண்டிய கேள்வி, ஐயா. ஆவாரம் பட்டையில் இருப்பது செறிவுற்ற டானின். கேட்டசின் போன்ற ஃபிளேவனாய்டு மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்தது. கடுக்காயின் டானின் வேறு வகை. தோலின் கொலாஜன் என்ற புரதத்தைப் பிடிக்கும் அதே குணத்தால்தான், பச்சைக் காயைக் கடித்தால் நாக்கு துவர்த்து இழுக்கிறது: எச்சிலின் புரதத்தை டானின் பிடிக்கிறது. சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் உணவின் இரும்புச் சத்து சரியாகச் சேராததற்கும் தேயிலையின் இந்தப் பொருள்களே காரணம்.

இரத்தம் வரை போய்ச் சேருமா என்றால், நீண்ட சங்கிலிகள் அநேகமாகச் சேராது. பெருங்குடலில் நுண்ணுயிரிகள் சிதைத்த பிறகு சிறு துண்டுகளாகச் சேரும். குவர்செட்டின் போன்ற சிறு மூலக்கூறுகளும் குடல் சுவரிலும் கல்லீரலிலும் குளுக்கூரோனைடாகவும் சல்ஃபேட்டாகவும் உருமாற்றப்பட்டு, பெரும்பாலும் சிறுநீரில் வெளியேறிவிடும். நிறைய வெங்காயம் தின்ற பிறகும் இரத்தத்தில் அது ஒரு மைக்ரோமோலாருக்குக் (செறிவை அளக்கும் அலகு) குறைவாகவே இருக்கிறது. அதே இரத்தத்தில் வைட்டமின் சி ஏறத்தாழ 50 மைக்ரோமோலார், யூரிக் அமிலம் 200 முதல் 400 வரை. இரண்டுமே ஆன்டிஆக்ஸிடன்ட்கள். அப்படியிருக்க, கேப்ஸ்யூலிலிருந்து வரும் அந்தச் சிறிதளவு நேரே போய்த் தீய மூலக்கூறுகளைத் துடைத்துவிடும் என்ற பேச்சு கணக்குக்கு ஒத்துவராது. சோதனைக் குழாயில் அளந்த ஆன்டிஆக்ஸிடன்ட் மதிப்புகளை உணவு வாரியாக வெளியிட்டுவந்த அமெரிக்க வேளாண்துறை, அவை விளம்பரங்களுக்குத் தவறாகப் பயன்படுவதைக் காரணமாகக் காட்டி 2012-இல் அந்தப் பட்டியலையே விலக்கிக்கொண்டது.

உடலின் உண்மையான காவல் வேறு. சூப்பர் ஆக்ஸைடு டிஸ்மியூடேஸ், கேட்டலேஸ், குளூட்டாதையோன் பெராக்ஸிடேஸ் ஆகிய நொதிகள் நம் செல்களே உருவாக்கிக்கொள்பவை. இவற்றில் முதலாவது என்ன செய்கிறது என்று கண்டறியப்பட்டது 1969-இல். ஒரு நொதி மூலக்கூறு அதே வேலையை ஓயாமல் திரும்பத் திரும்பச் செய்யும். விழுங்கிய ஆன்டிஆக்ஸிடன்ட் மூலக்கூறோ ஒருமுறை வினைபுரிந்தால் அநேகமாகத் தீர்ந்துபோகும். சில ஃபிளேவனாய்டுகள் செல்லுக்கு ஒரு சிறு சீண்டலாக அமைந்து, என்ஆர்எஃப்2 என்ற புரதத்தைத் தட்டியெழுப்பி, இந்நொதிகள் அதிகம் உருவாகக் காரணமாகின்றன என்பது செல்களிலும் எலிகளிலும் நன்றாகத் தெரிந்திருக்கிறது. குடியாத்தம் நண்பரின் தாளில் உள்ள இரண்டாவது வரைபடம் அதுவாகத்தான் இருக்கும். சீண்டல் என்பதால் அளவு கூடக்கூட நன்மை கூடும் என்று எண்ணக் கூடாது. இது ஃபிளேவனாய்டு அல்ல என்றாலும் பாடம் ஒன்றுதான்: பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்து 1994-இல் வெளியான சோதனையில், பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு அதிகமாகத்தான் வந்தது.

வடஆர்க்காட்டுக்காரர்கள் அறிய வேண்டிய இன்னொன்று: திராட்சை விதைச் சாறு என்று இன்று விற்கிறார்களே, அந்த வகைப் பொருளைப் பிரான்சில் ஜாக் மாஸ்க்கெலியே 1940-களில் முதலில் பிரித்தெடுத்தது வேர்க்கடலையின் சிவப்புத் தோலிலிருந்து. கடலை வறுத்துத் தின்னும்போது உள்ளங்கையில் தேய்த்து ஊதிவிடுகிறோமே, அதே தோல்தான்.

வேலூர் மருந்தாளுநர்:

கடையில் நின்று தினமும் பார்ப்பதால் சில எச்சரிக்கைகள். கிரேப்ஃபுரூட் பழத்தில் உள்ள ஃபுரானோகூமரின்கள் குடலில் மருந்தைச் சிதைக்கும் நொதி ஒன்றை முடக்கிவிடுவதால், சிம்வாஸ்டாட்டினும் அடோர்வாஸ்டாட்டினும் இரத்தத்தில் வேண்டியதைவிட அதிகமாகச் சேர்ந்து தசையைப் பாதிக்கலாம். நம்மூர் பம்ப்ளிமாஸிலும் அவை உண்டு. சாத்துக்குடிக்கு அந்தப் பயம் இல்லை. "சிட்ரஸ் ஃபிளேவனாய்டு" என்று பொதுவாக எழுதிய பெட்டியில் எந்தப் பழத்தின் சாறு இருக்கிறது என்று தெரியாமல் ஸ்டாட்டினோடு சேர்க்காதீர்கள்.

பச்சைத் தேயிலையைக் குடிப்பது வேறு, அதன் சாற்றைக் கேப்ஸ்யூலாக விழுங்குவது வேறு. அதிலுள்ள முதன்மைக் கேட்டசின் நாளொன்றுக்கு 800 மில்லிகிராமை எட்டினால் கல்லீரல் நொதிகள் உயரக்கூடும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் தெரிவித்தது. எடை குறைக்கவென்று வேறு பெயரில் வாங்கும் பொடிகளிலும் அது இருக்கும். இரண்டு மூன்று பெட்டிகளைக் கூட்டினால் அந்த அளவை எட்டிவிடலாம்.

மருத்துவரிடம் போகும்போது பெட்டியையே கையில் எடுத்துச் செல்லுங்கள். "ஏதோ சத்து மாத்திரை" என்று சொல்லிவிடாதீர்கள்.

அணைக்கட்டு அடுப்படி:

கேப்ஸ்யூல் வேண்டாம் என்கிறீர்கள், சரி. எங்கள் பக்கத்து முள்ளுக் கத்திரிக்காய், சின்ன வெங்காயம், முருங்கைக்கீரை இவற்றைச் சமைத்துப்போடும் எங்களுக்கு ஒரு வழி சொல்லுங்கள். வேகவைத்தால் சத்து போய்விடுமா? கொழுப்பு குறைய அடுப்படியில் எதுவுமே செய்ய முடியாதா?

காட்பாடி உயிர்வேதியியல்:

செய்ய முடியும், அம்மா. முருங்கைக்கீரையில் குவர்செட்டினும் கெம்ப்ஃபெராலும் நிறைய உண்டு. வெங்காயத்தில் வெளி அடுக்குகளில்தான் குவர்செட்டின் அதிகம் என்பதால், சருகை மட்டும் எடுங்கள். கையோடு சேர்ந்து வரும் முதல் சதை அடுக்கைத் தூக்கி எறியாதீர்கள். வேகும்போது ஒரு பங்கு தண்ணீரில் இறங்கும், ஆனால் சாம்பாரிலும் குழம்பிலும் அந்தத் தண்ணீரைத்தான் சாப்பிடுகிறோம். கத்திரிக்காயின் ஊதா நிறமும் ஃபிளேவனாய்டுதான். தோலைச் சீவாமல் சமையுங்கள்.

எல்.டி.எல். குறைவதற்கென்றால் பதில் வேறு இடத்தில் இருக்கிறது. தாவரத்தில் உறுதியாகக் கொழுப்பைக் குறைப்பவை கரையும் நார்ச்சத்தும், கொலஸ்ட்ராலை ஒத்த அமைப்புள்ள தாவர ஸ்டீரால்களும். ஓட்ஸ், பார்லி இவற்றின் பீட்டா குளுக்கான் நாளொன்றுக்கு 3 கிராம் சேர்ந்தால் எல்.டி.எல். 5 விழுக்காடு வரை குறையும். இசப்கோல் உமியும் அப்படித்தான், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். அதைவிட எளிது எண்ணெய். பாமாயிலில் ஏறத்தாழ பாதி நிறைவுற்ற கொழுப்பு. கடலை எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பாமாயிலை விட்டுச் செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய்க்கு, அதையும் அளவோடு, மாறுவது எந்த ஃபிளேவனாய்டு பெட்டியையும்விட உங்கள் வீட்டு ரிப்போர்ட்டில் தெரியும்.

குடியாத்தத்துக்காரன்:

அண்ணனை அழைத்துப் போய் வந்துவிட்டேன். மருத்துவர் திட்டவில்லை, ஏன் நிறுத்தினீர்கள் என்று பொறுமையாகக் கேட்டார். ஆடுசதை வலிக்கிறது, மாத்திரையால்தான் வலி என்று யாரோ சொன்னார்கள் என்று அப்போதுதான் அண்ணன் வாய் திறந்தார். இரண்டு ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்தும் எனக்கு அது தெரியாமல் போனது மனத்தை உறுத்துகிறது.

பக்கவிளைவால் ஸ்டாட்டினை விட்ட 60 பேருக்குச் சில மாதங்கள் ஸ்டாட்டினும், சில மாதங்கள் வெற்று மாத்திரையும், சில மாதங்கள் எதுவுமே இல்லாமலும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தபோது, ஸ்டாட்டினில் வந்த தொல்லையில் 90 விழுக்காடு வெற்று மாத்திரையிலும் வந்தது என்று 2020-இல் வெளியான ஆய்வை அவர் எடுத்துச் சொன்னார். "உங்கள் வலி பொய் என்று சொல்லவில்லை, காரணம் வேறாக இருக்கலாம்" என்று சொல்லி, தசை நொதியைப் பார்க்க இரத்தம் எடுத்தார். அது இயல்பாகவே இருந்தது. ரோசுவாஸ்டாட்டின் 5 மில்லிகிராமில் தொடங்கியிருக்கிறார்; எட்டு வாரம் கழித்து மீண்டும் பரிசோதனை. கேப்ஸ்யூலில் மீதியிருந்ததை அண்ணனே எடுத்துப் போட்டுவிட்டார். மாலையில் வெங்காயச் சாம்பார் கேட்டார், அண்ணி வைத்துக் கொடுத்தார்.

ஆரணி மைந்தன்:

காட்பாடி ஐயா கேட்டபடி தாயாரின் இரண்டு ரிப்போர்ட்டுகளையும் எடுத்துப் பார்த்தேன். டிரைகிளிசரைடில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் அதே உறையில் பழைய மருந்துச் சீட்டு ஒன்று இருந்தது. கேப்ஸ்யூல் தொடங்குவதற்கு மூன்று வாரம் முன்பு தாயாருக்குத் தைராய்டு குறைவு என்று கண்டு, தைராக்ஸின் 50 மைக்ரோகிராம் எழுதியிருக்கிறார்கள். அன்றிலிருந்து தினமும் காலையில் வெறும் வயிற்றில் அதைச் சாப்பிட்டு வருகிறார். தைராய்டு குறைந்தால் எல்.டி.எல். ஏறும், மருந்து கொடுத்தால் இறங்கும் என்று எங்கள் மருத்துவர் இன்று சொன்னார். கேப்ஸ்யூலை மட்டும் நிறுத்திவிட்டு, தைராக்ஸினைத் தொடர்ந்து, இரண்டு மாதம் கழித்து அதே லேபில் வெறும் வயிற்றில் எடுத்துப் பார்க்கப்போகிறோம். எண் எதுவாக வந்தாலும் இங்கே எழுதுகிறேன்.